ஒரு தகப்பனுக்குப் பதினொரு பிள்ளைகள்

வாசல் காக்கும் போர்த்தினேரியாக் கதிரையில் இந்த வருடம் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுகிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பலேர்மோவில் இருந்துகொண்டு என்னைத் தெரியாது என்றால் அது உங்கள் குறை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரயில் நிலையத்துக்கும் கால்சாப் பகுதிக்கும் நடுவில் நிற்கும் ஒரு பழைய மாளிகையில் இருபத்தாறு வருடம் போர்த்தியேரே வேலை பார்த்தவன். வாசல் காப்பவன், தபால் பிரிப்பவன், படி கழுவுபவன், யார் உள்ளே யார் வெளியே என்று தெரிந்தவன். என் கண்ணாடிக் கூண்டின் பலகையில் நாற்பது வீட்டுத் திறப்புகள் தொங்கின. மூன்றாம் மாடியில் இருந்த ஒரு விதவைச் சிஞ்ஞோரா நேபிள்ஸ் கப்பல் ஏறும்போது நகைப்பெட்டியைச் சொந்த மகனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் ஆட்களில் வேறு யாருக்கு அப்படி நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

புளுகுகிறான் கிழவன் என்பீர்கள். பரவாயில்லை. படி கழுவுவதற்கு என்ன மருந்து, லிஃப்ட் நின்றால் யாருக்கு டெலிபோன் அடிப்பது என்பதை எல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். கதிரையில் இருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் நான்.

எனக்கு முன் அந்தக் கதிரையில் ஒரு சிசிலிக்காரர் இருந்தார். பல்லில்லாத மனிதர். எனக்கு இரண்டு கிழமை வேலை பழக்கினார். அந்த இரண்டு கிழமையில் அவர் சொன்ன உருப்படியான விஷயம் ஒன்றே ஒன்று. "ஆரின்ர காயிதம் எண்டு சந்தேகம் வந்தால் கதிரையை விட்டு எழும்பு. படி ஏறு. கதவைத் தட்டு." அதை நான் பல வருடம் சரியாகச் செய்தேன். பிறகு எனக்குச் சந்தேகம் வருவது நின்றுபோனது. அங்கேதான் கதை தொடங்குகிறது.

நான் சேர்ந்தபோது அந்தக் கட்டடத்தில் ஒரு சீனரும் இல்லை. பிறகு தெருப்பக்கம் பயணப்பெட்டியும் குடையும் விற்கும் கடை ஒன்று வந்தது. பலகையில் லின் என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் பி படிக்கட்டில் ஒரு குடும்பம் வந்தது, தபால்பெட்டியில் லின். பிறகு என் பொறுப்பில் இருந்த ஏ படிக்கட்டிலும் வந்தார்கள். லின், லின், லின். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டு படிக்கட்டிலுமாகப் பதினொரு தபால்பெட்டிகளில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. அந்தப் பயணப்பெட்டிக் கடைக்கு லொறியில் வந்திறங்கும் அட்டைப்பெட்டிகளின் பக்கத்திலும் கொட்டை எழுத்தில் லின். எதிர்ப்பக்கம் நகத்துக்கு நிறம் பூசும் கடையும் லின். முதுகில் ஊசி குத்தி நோவு எடுக்கும் வைத்தியரும் லின். ஐந்தாம் மாடியில் ஒரு சிசிலிக்காரனின் பெயருக்குப் பக்கத்தில் கோடு இழுத்து அவன் மனைவியின் பெயர்: லின். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பெயரின் கடைசியிலும் ஒரு லின் வைத்தார்கள்.

இதில் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை ஒன்றை நான் விட்டேன். நாங்கள் பெயர் எழுதினால் முன்னால் நிற்பது அப்பா, பின்னால் நிற்பது பிள்ளை. நான் இந்த நாட்டுக்கு வந்து பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கப் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் வரிசையில் நின்றபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நான் சிஞ்ஞோர் செல்லையா. அப்பா ஒரு கப்பலைக்கூடக் காணாமல் செத்தவர். பலேர்மோவில் அவருடைய பெயரை நாலு மாடிக்குக் கேட்கக் கூப்பிடாத சிஞ்ஞோரா இல்லை.

சீனர்களும் நம்மைப் போலத்தான் என்று முடிவு செய்தேன். எல்லாப் பெட்டியிலும் லின் முன்னால் நின்றது. ஆகவே லின் என்பவர் இவர்கள் எல்லாருக்கும் தகப்பன். பதினொரு பிள்ளைகள், எல்லாரையும் ஒரே கட்டடத்தில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார். ஆள் கெட்டிக்காரன்தான் என்று மனைவியிடம் சொன்னேன்.

"பதினொண்டோ?" என்றாள் அவள். "அந்த மனுசி பாவம் என்னப்பா."

ஆகவே ஒரு லின் வீட்டில் இல்லாவிட்டால் அவனுடைய கடிதத்தை அடுத்து வரும் லின்னிடம் கொடுப்பேன். "இந்தா, உன்ர அண்ணன்ர காயிதம். குடுத்துவிடு." அவர்கள் சிரித்துக்கொண்டு வாங்குவார்கள். ஒருவரும் மறுத்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பி படிக்கட்டின் பழைய போர்த்தியேரே ஓய்வுக்குப் போனதும் அந்த இடத்துக்கு யோகன் வந்தான். வன்னிப் பெடியன். பெடியன் என்கிறேன், நாற்பது வயதிருக்கும். சண்டை முடிந்த பிறகு வந்தவன். ஏலெவல் படித்தவன். பக்கத்து ஊரான பகேரியாவில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்துகொண்டு காலை முதல் ரயிலில் வருவான். மனைவியும் மகளும் வவுனியாவில். அவர்களைக் கூப்பிட இந்த நாட்டில் வீட்டுப் பத்திரம் காட்ட வேண்டும். அறையில் படுக்கும் ஒரு மெத்தைக்கு யாரும் பத்திரம் தர மாட்டார்கள்.

வந்த முதல் கிழமையே சதுரக்கோடு போட்ட ஒரு கொப்பி வாங்கினான். அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினான். ஒவ்வொரு லின்னின் வீட்டிலும் அரைமணி நேரம். நான் கூண்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

"என்ன தம்பி, பள்ளிக்கூடம் துவங்கியிட்டியோ?"

"இல்லை அண்ணை. எல்லாம் லின் எண்டு கிடக்கு, எனக்கு ஆளுக்கு ஆள் மாறுது. அதுதான் அவையின்ர எழுத்திலயே பேரை எழுதித் தரச்சொல்லிக் கேட்டனான். இஞ்சை பாருங்கோ."

கொப்பியைத் திறந்தான். "இதுதான் கனபேருக்குக் குடும்பப் பேர். ரெண்டு மரம் பக்கத்தில பக்கத்தில நிக்கிற மாதிரிக் கிடக்கெல்லோ? காடு எண்டு அர்த்தமாம். ஊசி வைத்தியர் இருக்கிறார், அவற்ற குடும்பப் பேர் வேற, லின் எண்டிறது அவற்ற சொந்தப் பேர். பாருங்கோ, அதே ரெண்டு மரம், மேல மழை பெய்யுது. விடாம பெய்யிற மழையாம். அஞ்சாம் மாடிக் குழந்தையின்ர லின் ஒரு வடிவான கல்லு. பெட்டிக்கடைக்காரற்ற ஊர்ப்பேரிலயும் ஒரு லின் வருது, அது 'கிட்ட' எண்டு. கடலுக்குக் கிட்ட."

"எல்லாம் ஒரு தேப்பன்ர பிள்ளையள்தானே," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "இல்லை அண்ணை. எங்களை மாதிரி இல்லை அவை. முன்னால நிக்கிறது அப்பா இல்லை, பரம்பரைப் பேர். இதில முக்கால்வாசிப் பேருக்கு ஆளை ஆள் சொந்தமே இல்லை."

"நீ நேற்று வந்தனி. நான் இவையோட பன்ரெண்டு வருசம் பழகினனான். எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

"சரி அண்ணை," என்று கொப்பியை மூடினான்.

அவன் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் ஒரு லின்னின் கடிதத்தை இன்னொரு லின்னிடம் "அண்ணன்ர காயிதம்" என்று கொடுத்தேன், அவன் பார்க்கும்படியாக.

தம்பிமார், பொறாமை ஒரு முழுநேர வேலை. மற்ற வேலையைச் செய்துகொண்டே அதையும் செய்யலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சீனப் புதுவருடம் வந்தது; பெட்டிக்கடை லின் சிவப்புப் பையில் தோடம்பழம் கொண்டுவந்து யோகனுக்குக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் இரண்டு பையையும் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தேன். அவனுடைய பையில் ஒரு பழம் கூட. பி படிக்கட்டு மூன்றாம் மாடியில் ஒரு லின் அம்மா இருந்தார், காற்சட்டை வெட்டித் தைத்துக் கொடுப்பவர். அவர் அவனுடைய மேல்சட்டைக்கு உள்துணி வைத்துக் கொடுத்தார். எனக்கு அறுந்த பொத்தான் மட்டும்தான் தைத்துத் தந்திருந்தார். என் மனைவி கூட, "பெடியன் வடிவாக் கதைக்கிறான்," என்று சொல்லிக்கொண்டு அவனுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுக்கத் தொடங்கினாள். என் வீட்டுச் சோறு!

அந்த நிலைமையில் கட்டடத்தை நிர்வகிக்கும் மனிதர் ஒரு கடுதாசியோடு வந்தார். கோடையிலிருந்து இரண்டு படிக்கட்டுக்கும் சேர்த்து ஒரே போர்த்தியேரே. யார் என்பதைக் குடியிருப்பவர்களின் கூட்டம் முடிவு செய்யும். கதிரையோடு சேர்ந்தது வீடு. என் கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டைச் சொல்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து கலியாணம் கட்டிப்போன வீடு. எனக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் குறைவாக இருந்தது. கதிரை போனால் வீடும் போகும்.

கூட்டம் நடந்த கிழமைக்கு முந்திய கிழமை, திங்கட்கிழமை. யோகன் தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவனோடு பி படிக்கட்டின் உச்சியில் நின்றான். தபால்காரப் பெண் அவசரத்தில் இரண்டு படிக்கட்டின் தபாலையும் என் மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். மேலே ஓர் உறை. பெரியாஸ்பத்திரி முத்திரை. லின், பிறகு அந்தத் தையல் அம்மாவின் பெயர், தெரு இலக்கம். எந்தப் படிக்கட்டு என்று எழுதவில்லை. எனக்கு எழுதத் தேவையும் இல்லை. மூன்றாம் மாடித் தையல் அம்மா கண்ணில் வெள்ளை விழுந்து ஒரு வருடத்துக்கு மேலாகச் சத்திரசிகிச்சைக்குத் திகதி சொல்லும் கடிதத்துக்குக் காத்திருப்பது முழுக் கட்டடத்துக்கும் தெரியும். ஊசியில் நூல் கோக்க இறங்கி வந்து எங்களிடம் நீட்டுவார்.

அன்று காலைதான் என் படிக்கட்டின் நாலாம் மாடிச் சிஞ்ஞோரா, என் கண்முன்னாலேயே யோகனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "கோடைக்கு நான் மகளிட்டைப் போறன். இந்த முறை என்ர பூச்சட்டியளுக்கு நீ தண்ணி விடு." பன்னிரண்டு கோடை அந்தப் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் விட்டவன் நான். ஒரு செடி வாடியதில்லை.

கடிதத்தைக் கையில் எடுத்தேன். பி படிக்கட்டுத் தபால்பெட்டிகளுக்கு நடந்தேன். முதலாம் மாடி லின் குடும்பம் இரண்டு மாதம் சீனாவுக்குப் போயிருந்தது. தபால்பெட்டியின் திறப்பும் அவர்களோடு போயிருந்தது. அந்தப் பெட்டிக்குள் போட்டேன். கிழித்து எறியவில்லை, பெட்டிக்குள்தானே போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பி படிக்கட்டுப் பெட்டி. ஒரு நாள் திறபடும்போது பிழை யாருடையதாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை மத்தியானம், முற்றத்தில் சத்தம். ஓடிப் போனேன். லின் அம்மா மணிக்கட்டில் தையல் ஊசிகள் குத்திய பஞ்சுப் பட்டியோடு நின்றார். பக்கத்தில் நாலாம் மாடிச் சிஞ்ஞோரா டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஆஸ்பத்திரியில கேட்டன், ரெண்டு கிழமைக்கு முதலே காயிதம் அனுப்பியாச்சாம்! திகதியை டெலிபோனில சொல்ல மாட்டினமாம். அண்டைக்குப் போகாட்டி பேரை வெட்டிப்போட்டு அடுத்த ஆளை எடுப்பினமாம். காயிதம் எங்கை, யோகன்?"

யோகன் முன்னால் வந்தான். "சிஞ்ஞோரா, வந்த ஒவ்வொரு காயிதமும் நான் பாத்துத்தான்..."

"உன்ர கொப்பி எங்கை? கொப்பியில பார்!"

மாடி யன்னல்கள் திறந்தன. யாரோ மேலிருந்து, "கொப்பி எழுதினாப் போதுமோ, காயிதம் குடுக்க வேண்டாமோ?" என்றார்கள். சிஞ்ஞோரா என் பக்கம் கையை நீட்டினாள். "செல்லையா! இத்தினை வருசத்தில ஒரு காயிதம் துலைச்சிருக்கிறானோ, கேளுங்கோ!"

அந்த வார்த்தைக்கு நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்! தொண்டையால் தேன் இறங்கியது போல இருந்தது. இன்னும் ஒரு தரம் சொல்ல மாட்டாளா என்று நின்றேன்.

அப்போது லின் அம்மா என்னை நோக்கி வந்தார். மிகக் கிட்ட வந்தார். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு இத்தாலியச் சொற்களில் மெல்லச் சொன்னார்:

"யோகன், பயப்படாதை. ஆறுதலாத் தேடு. கிடைக்கும்."

அவருக்கு முகம் தெரியவில்லை. என்னை அவன் என்று நினைத்துவிட்டார். கண் போகிற மனுசி, தன் கடிதத்தைத் தொலைத்தவன் என்று எல்லாரும் திட்டுகிறவனுக்கு ஆறுதல் சொல்ல வந்து, அந்த ஆறுதலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

இந்த இடத்தில் யோசியுங்கள் தம்பிமார். என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, வாய் திறக்காமல் நிற்பது. கதிரை என்னுடையது, கண் அவருடையது. இரண்டு, நான்தான் போட்டேன் என்று சொல்வது. மூன்றாவது வழி எனக்கு ஒரு கணத்தில் வந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு மூளை அவ்வளவு வேகம். கடிதமும் கிடைக்க வேண்டும், நானும் தப்ப வேண்டும், அவனும் மாட்ட வேண்டும்.

"பொறுங்கோ," என்றேன். தபால்பெட்டிகளுக்குப் போனேன். ஒவ்வொன்றின் சின்னக் கண்ணாடிக்குள்ளும் குனிந்து பார்ப்பது போல நடித்தேன். முதலாம் மாடி லின்னின் பெட்டியில் நின்றேன். "இஞ்சை கிடக்கு! லின்னுக்கு லின் மாறிப் போட்டிருக்கிறான்."

மனைவியின் அடுப்படி இடுக்கியைக் கொண்டுவரச் செய்து, துவாரத்துக்குள் விட்டு, எல்லாரும் பார்க்கக் கடிதத்தை இழுத்து எடுத்தேன். சிஞ்ஞோரா உறையைக் கிழித்து வாசித்தாள். திகதி அடுத்த நாள் காலை ஏழு மணி. வெறும் வயிற்றோடு வர வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும்.

யன்னல்களிலிருந்து கை தட்டினார்கள். சிஞ்ஞோரா என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். யோகன் இடுக்கியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

அடுத்த நாள் கூடப் போன ஆள் அவன்தான். பகேரியாவிலிருந்து அந்த நேரத்துக்கு ரயில் இல்லை என்று பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு போனான். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அம்மாவை ஒரு கண்ணில் மூடியோடு கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு, என் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணை, அந்தத் திங்கக்கிழமை நான் மேல குழாய்க்காரனோட நிண்டனான். தபால் உங்கட மேசைக்குத்தான் வந்தது. தபால்காரப் பிள்ளையிட்டையும் கேட்டனான்."

நான் திறப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

"ஏன்?"

"அக்கா எனக்கு எத்தினை நாள் சோறு தந்தவ. இந்த வீடு போனா அவ எங்கை போறது?"

பிறகு கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைக் காட்டினான். திகதி, பெயர், திகதி, பெயர். பத்தொன்பது வரி. "இது என்ன?" என்றேன்.

"நீங்கள் அண்ணன்ர, தம்பியின்ர எண்டு குடுத்துவிட்ட காயிதங்கள். வாங்கினவை எல்லாம் என்னட்டைக் கொண்டு வந்து தருவினம், ஆற்றை எண்டு பாத்து நான் போடுவன். உங்களுக்கு மனம் நோகும் எண்டு சொல்லேல்லை. அவை கோவிக்கேல்லை அண்ணை. பெட்டிக்கடைக்காரர் இப்ப மற்ற லின்மாரைக் கண்டா, 'தம்பி, அப்பா சுகமோ?' எண்டு பகிடியாக் கேக்கிறவர்."

அவன் போய்விட்டான். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். அடிக்க வேண்டும் போல இருந்தது. இத்தாலியனில் என்னை வென்றான், தோடம்பழத்தில் வென்றான், பூச்சட்டியில் வென்றான். போகட்டும். இப்போது கதிரையை எனக்கு விட்டுத் தந்துவிட்டு, பகேரியா மெத்தையில் படுத்துக்கொண்டு, நல்லவனாகவும் இருக்கப் போகிறான். நான் அந்தக் கதிரையில் உட்காரும் ஒவ்வொரு நாளும், இது யோகன் போட்ட பிச்சை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இஞ்சேருங்கோ, என்ன செய்யப் போறியள்?" என்றாள்.

"கூட்டத்தில சொல்லப் போறன்."

"ஏன், மனம் திருந்தியிட்டியளோ?"

"அவன் மட்டும் நல்லவனா இருந்திட்டுப் போக நான் விடமாட்டன்."

"எதுக்கெண்டாலும் சொன்னாச் சரி," என்றாள். எழுந்து போய்ப் பழைய பத்திரிகைகளை எடுத்துக் கண்ணாடிக் கோப்பைகளைச் சுற்றத் தொடங்கினாள். கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை முற்றத்தில் கதிரைகள் போட்டார்கள். நிர்வாக மனிதர் கடுதாசியை வாசித்து முடிக்கவில்லை, நாலாம் மாடிச் சிஞ்ஞோரா எழுந்துவிட்டாள். "கதைக்க என்ன கிடக்கு? செல்லையாதான்." நிறையக் கைகள் உயர்ந்தன. யோகனின் கையும் உயர்ந்திருந்தது. அதைக் கண்டதும் என் கால் தானாக எழுந்தது.

எனக்குத் தெரிந்த இத்தாலியனில், இலக்கணம் இல்லாமல் சொன்னேன். "அந்தக் காயிதத்தை மாத்திப் போட்டது யோகன் இல்லை, நான். தெரியாம இல்லை, தெரிஞ்சுதான் போட்டனான். தெரியாம மாத்திக் குடுத்தது வேற, அது பத்தொன்பது காயிதம். அதையும் அவன்தான் சரிப்படுத்தினவன்."

பெட்டிக்கடை லின்தான் கேட்டார். "ஏன்?"

"அவன்ர மேல பொறாமை."

சிஞ்ஞோரா வாயில் கை வைத்தாள். "என்ர பூச்சட்டிக்காகவோ?"

"ஓம் சிஞ்ஞோரா. பூச்சட்டிக்கும்தான்."

லின் அம்மா எழுந்து வந்தார். கண் மூடியை எடுத்துவிட்டிருந்தார்கள். அன்று போலவே மிகக் கிட்ட வந்து நின்றார். இந்த முறை என்னைத் தெரிந்தது. நெற்றியிலிருந்து நாடிவரை பார்த்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திரும்பிப் பெட்டிக்கடைக்காரரிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். "என்னவாம்?" என்றேன்.

"உங்கட குரலைக் கேட்டு இளம் ஆள் எண்டு நினைச்சிருந்தாவாம். இவ்வளவு வயசுபோன மனுசனுக்கு என்ன பொறாமை எண்டு கேக்கிறா."

நான் போய் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

இரண்டு படிக்கட்டும் யோகனுக்குப் போனது. வீடும் போனது. கோடைவரை என்னை இருக்க விட்டார்கள். என்னைப் பொலிசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன இரண்டொருவரை லின் அம்மா வேண்டாம் என்று தடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மிச்ச இரண்டு வருடமும் துறைமுகத்தில் நேபிள்ஸ் கப்பல்களின் அறைகளில் படுக்கை விரித்தேன். அங்கேயும் கப்பல் கரையில் நிற்கும் நேரத்துக்குள் என்னளவு கட்டில் முடித்தவன் கிடையாது. விசாரித்துப் பாருங்கள்.

பொறாமைப்படாதே என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. படுவீர்கள். பக்கத்துப் படிக்கட்டில் உங்களைவிட நன்றாகக் கதைக்கும் ஒருவன் கட்டாயம் வந்து உட்காருவான். வந்தால் கதிரையில் இருந்து அவனைப் பார்த்துக்கொண்டிராதீர்கள். பல்லில்லாதவர் சொன்னபடி எழும்புங்கள், படி ஏறுங்கள், கதவைத் தட்டுங்கள். அவன் கொப்பியில் எழுதியிருப்பதை உங்கள் கொப்பியிலும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. பொறாமையால் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றது. அதையும் அவனுக்குப் போட்டியாகத்தான் செய்தேன். எதற்குச் செய்தாலும் செய்தது செய்ததுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

வீட்டைக் காலி செய்த நாளில் யோகன்தான் கட்டிலைப் பிரித்து இறக்கித் தந்தான். அடுத்த மாதம் அவன் மனைவியும் மகளும் வர இருந்தார்கள். சாமான்கள் எல்லாம் வான் வண்டியில் ஏறிய பிறகு கொப்பியோடு வந்தான்.

"அண்ணை, உங்களுக்கு இஞ்சை வாற காயிதங்களை அனுப்ப வேணும். புது விலாசத்தைச் சொல்லுங்கோ."

சொன்னேன். எழுதினான்.

"பேர்?"

"செல்லையா எண்டு போடு."

"அது அப்பான்ர பேரெல்லோ? உங்கட பேர் என்ன?"

அவன் என்னை அண்ணை என்பான். என் மனைவி இஞ்சேருங்கோ என்பாள். மற்ற எல்லாரும் செல்லையா. நான் பேனையை வாங்கி, அவன் நீட்டிய பக்கத்தில், இரண்டு மரத்துக்கும் மழைக்கும் கீழே இருந்த வெறும் வரியில், தமிழில் என் பெயரை எழுதினேன். என் கையெழுத்து அவனுடையதைவிட வடிவு, ஏலெவல் படித்தவன் அதைத் தானே ஒத்துக்கொண்டான்.

கொப்பியைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். "கனகரத்தினம் அண்ணை."

இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள். அதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.